அட்டாலியில் கிடைத்த மூன்று சக்கர வண்டி: உங்கள் முதல் வண்டி எது?

#1 இட்டேரிக்காரன்

எல்லோருக்கும் வணக்கமுங்க. வெள்ளகோவில் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளைக்கு ஓடு மாற்றிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் அட்டாலியை, அதாவது பரணை, காலி செய்யும்போது ஓட்டை விழுந்த முறம், கவலை இறைத்த காலத்துச் சாலின் வளையம், கண்ணாடி இல்லாத லாந்தர் எல்லாம் இறங்கின. அவற்றுக்கும் பின்னால், சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு மூன்று சக்கர சைக்கிள். நான் சின்னப் பையனாக ஓட்டியதேதான்.

இரும்புக் குழாயில் செய்தது. செயின் கிடையாது, முன் சக்கரத்து அச்சிலேயே பெடல். பின்னால் இன்னொருத்தன் நின்றுகொள்ள ஒரு தகரப் பலகை. இப்போது ஒரு பெடலில் கட்டை இல்லை, வெறும் கம்பிதான் நீட்டிக்கொண்டிருக்கிறது. இடது பின்சக்கரத்தில் ரப்பர் போய்விட்டது. கைப்பிடி ஒரு பக்கம் பார்த்தால் சக்கரம் இன்னொரு பக்கம் பார்க்கிறது.

மேஸ்திரி ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எடைக்குப் போட்டா டீச்செலவுக்கு ஆகுமுங்க" என்றார். என் மகளுக்கு நாலு வயது. அவர் சொல்லி முடிப்பதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இதைச் சரி செய்ய முடியுமா? செய்தால் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்படியே உங்கள் முதல் வண்டி எதுவென்றும் எழுதுங்கள், ஒட்டுக்காப் படிக்கலாம்.

#2 நொய்யல்கரை

எடைக்கு மட்டும் போட்டுவிடாதீங்க.

என் முதல் வண்டி ஒரு டயர். சைக்கிளின் மிச்சமெல்லாம் யாரிடம் போனதோ, எனக்கு வந்தது டயர் மட்டும்தான். கையில் ஒரு சாண் குச்சி. இட்டேரியில் அதைத் தட்டிக்கொண்டு ஓடினால் இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் என் பஸ். வாயிலேயே ஹாரன், வாயிலேயே கியர். "கடைக்குப் போய்ட்டு வா கண்ணு" என்று அம்மிச்சி சொன்னால் நடந்து போக மாட்டேன். டயரை எடுத்தால்தான் போவேன். கடை வாசலில் சுவரோரம் சாய்த்து வைத்து, சாவியைத் திருகுவது போல் கையைத் திருகிவிட்டுத்தான் உள்ளே நுழைவது. ஒரு நாள் திரும்பி வந்து பார்த்தால் டயரைக் காணோம். அன்றைக்கு அழுத அழுகை, பின்னாளில் நிஜ வண்டி திருடு போனபோதுகூட வரவில்லை.

#3 காயில்கட்டி

சரி செய்யலாமுங்க. எப்படியென்று கடைசியில் சொல்கிறேன், முதலில் என் கதை.

நான் வளர்ந்தது கோவை கணபதி. அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை. சுற்றுவட்டாரத்தில் கிணறு இருக்கும் தோட்டமெல்லாம் பம்புசெட்டுதானே, மோட்டார் புகைந்தால் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். காயில் மாற்றும்போதே பேரிங்கையும் மாற்றிவிடுவார் அப்பா. கழற்றிய பேரிங்கெல்லாம் ஒரு டால்டா டப்பாவில் மண்ணெண்ணெயில் ஊறும். எங்கள் தெருப் பொடுசுகளுக்கு அந்த டப்பாதான் பொம்மைக்கடை.

பேரிங்கையே சக்கரமாக மாட்டி ஓட்டும் பலகை வண்டிதான் பேரிங் வண்டி. அதற்கு நாலு பேரிங் வேண்டும். விளிம்பில் 6205 என்று வெட்டியிருப்பதுதான் எங்களுக்கு ராசி. உள்துளை 25 மில்லி, வெளிவட்டம் 52 மில்லி. 6203 என்றால் வெளிவட்டமே 40 மில்லிதான். புளியங்கொட்டை அளவு கல் இருந்தாலும் வண்டி முட்டிக்கொண்டு நிற்கும், ஆள் மட்டும் முன்னால் போவான். அச்சுக்கு நல்ல வேப்பங்கட்டை. நுனியை 25 மில்லிக்கு மயிரிழை தடிப்பாக விட்டு இழைக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரக்கட்டையில் செய்தால் அன்றைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். இரண்டு நாள் வெயிலில் கட்டை சுருங்கியதும், இறக்கத்தில் போகிற போக்கில் பேரிங் கழன்று தனியாகச் சாக்கடையைப் பார்த்து ஓடும். காய்ந்த கட்டையில் இழைத்து, உள்வளையத்தில் மட்டும் தட்டி இறக்க வேண்டும். வெளிவளையத்தில் சுத்தியல் விழுந்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் பள்ளத்தில் தழும்பு விழும். அப்புறம் சுற்றும்போதெல்லாம் கரகரவென்று பல்லைக் கடிக்கும். அப்பா இதை எனக்கு எட்டு வயதில் சொன்னார். இப்போது என் கடைக்கு வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் சொல்லும் முதல் பாடமும் இதுதான்.

முன் அச்சை நடுவில் ஒரே போல்ட்டில் நிறுத்தி, இரண்டு காலாலும் மிதித்துத் திருப்புவோம். பிரேக் என்பது செருப்பின் குதிகால். மாதம் ஒரு ஜோடி தேயும். அம்மா செருப்புக்கடைக்காரரைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது உங்கள் வண்டி. கைப்பிடி நடுத்தண்டின் போல்ட் தளர்ந்திருக்கும், மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து இறுக்கிப் பாருங்கள். பெடல் கட்டையை எந்த மரக் கடைசல்காரரும் கடைந்து கொடுப்பார். ரப்பருக்குத் தேடி அலைய வேண்டாம். தடித்த ஓஸ் பைப்பைச் சக்கரத்தின் சுற்றளவுக்கு வெட்டி, உள்ளே கட்டுக்கம்பி விட்டு முறுக்கி இழுத்தால் பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். முறுக்கின நுனி பைப்புக்குள்ளேயே மறைந்திருக்கட்டும், பிள்ளை காலைக் கிழிக்கும்.

ஒரு எச்சரிக்கை. பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் நிறைய இருக்கும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2017 கடைசியில்தான். அதனால் காய்ந்தபடி தேய்த்துத் தூள் பறக்க விடாதீர்கள். தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரில் தேயுங்கள், மகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. முழுக்க எடுத்துவிட்டு ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அதன்மேல் புதுப் பெயிண்ட்.

#4 சின்னக்கண்ணு

காயில்கட்டி அண்ணா, நீங்கள் தார் ரோட்டில் ஓட்டினீர்கள். நாங்கள் ஓட்டியது அப்பாரு (அப்பாவின் அப்பா) புதிதாகப் போட்ட சிமெண்டுக் களத்தில். கடலைக்காய் காயப்போட என்று கடன் வாங்கிப் போட்ட களம். ஒரே பொழுதில் பேரிங் ஓடிய தடம் கோடு கோடாக, சிலேட்டில் ஆணியால் கிறுக்கினாற்போல. அப்பாரு ஒன்றுமே பேசவில்லை. வண்டியைத் தூக்கிப் போய் வெந்நீர் அடுப்பில் வைத்தார். பேரிங் மட்டும் சாம்பலில் மிஞ்சியது.

#5 சென்னிமலை வாத்தியார்

அன்பர்களே, எல்லோருக்கும் முதல் வண்டி நடைவண்டிதான், நினைவில்தான் இருக்காது. ஆசாரியிடம் சொல்லிச் செய்த மூன்று சக்கர மர வண்டி. எங்கள் வீட்டில் தாய்மாமன் சீராக வந்தது. தளிர்நடை பழகும் குழந்தை அதைப் பிடித்துத் தள்ளும். வாசற்படியில் முட்டிக்கொண்டால், திருப்பத் தெரியாமல் அங்கேயே நின்று தள்ளிக்கொண்டிருக்கும்.

இந்த மூன்று சக்கரம் இன்று நேற்று வந்ததல்ல. சங்க நூலான பட்டினப்பாலையில் சோழநாட்டு ஊர்ச் சிறுவர்கள் குதிரை பூட்டாத சிறுதேரை உருட்டிவருகிறார்கள். அதற்கும் மூன்று கால்தான், 'முக்கால் சிறுதேர்' என்றே புலவர் சொல்கிறார். முற்றத்தில் காய்கிற தானியத்தைத் தின்ன வந்த கோழியை விரட்ட ஒரு பெண் தன் காதுக் குழையைக் கழற்றி எறிகிறாள். அது கிடந்து தேரின் வழியை மறிக்கிறது. ஊர் எவ்வளவு செல்வமானது என்று காட்டத்தான் புலவர் அப்படிப் பாடினார். வகுப்பில் இதை நடத்தியபோது ஒரு மாணவன் எழுந்து, "அந்தப் பையன் தோட்டை எடுத்தானுங்களா, இல்ல தேரைத் தூக்கித் தாண்டுனானுங்களா?" என்று கேட்டான். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பிள்ளைத்தமிழிலும் ஆண்பாலுக்குக் கடைசிப் பருவம் சிறுதேர் உருட்டல்தான்.

#6 கோபிக்காரி

வாத்தியாரய்யா, ஆண்பாலுக்குச் சிறுதேர், சரி. பெண்பாலுக்கு?

#7 சென்னிமலை வாத்தியார்

கழங்கு, அம்மானை, ஊசல். ஊஞ்சலும் ஓர் ஊர்திதான் என்று சமாளிக்கலாம் அம்மா, ஆனால் நீங்கள் கேட்பது புரிகிறது.

#8 கோபிக்காரி

அதேதானுங்க. ஊஞ்சல் எவ்வளவு ஆடினாலும் வீட்டை விட்டுப் போகாது.

எங்கள் வீட்டில் சைக்கிள் இருந்தது, அண்ணனுடையது. தொட்டால் கை ஒடியும். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி" என்று ஆத்தாவும் சேர்ந்துகொள்வாள். எனக்கு வண்டி வந்தது 2006இல், பிளஸ் ஒன் சேர்ந்தபோது, அரசாங்கம் கொடுத்தது. 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம், எங்கள் முறை வருவதற்குள் எல்லோருக்குமாக விரிந்திருந்தது.

கொடுத்த அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் போகிற பெண்கள் ஒன்பது பேர். ஆளுக்கொரு புது சைக்கிள். அதில் ஓட்டத் தெரிந்தவள் ஒருத்தி. மீதி எட்டுப் பேரும் தடப்பள்ளி வாய்க்கால் கரையில் நாலு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே போனோம். ஓட்டத் தெரிந்தவளும் எங்களை விட்டுப் போக மனமில்லாமல் கூடவே தள்ளிக்கொண்டு வந்தாள். சீட்டில் பாலிதீன் கவர், யாரும் கிழிக்கவில்லை. ஒன்பது பெல்லும் அடித்துக்கொண்டே வந்தது. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்து, "என்னுங்கம்மிணி, சைக்கிளை மேய்க்கப் போறீங்களா?" என்று கேட்டார்கள்.

பிறகு ஒரு மாதம் அதே கரையில் பழகினேன். இரண்டு தடவை வாய்க்காலில் விழுந்தேன், ஒரு தடவை சைக்கிளோடு. பழகி முடித்த வாரமே அப்பா பின்னால் பால் கேனைக் கட்டிவிட்டார். காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு அவர் வரும்வரை நான் பள்ளிக்கூடம் கிளம்ப முடியாது. முதல் பீரியடுக்கு நான் போனதே குறைவு. பெயர் என்னுடையது, வண்டி பாலுடையது.

#9 சைக்கிள்கடை வாரிசு

கோபிக்காரி அக்கா, அந்த ஒன்பது பேரையும் பார்த்த மாதிரியே இருக்கிறது.

எங்கள் அப்பா ஈரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். சொந்த சைக்கிள் இல்லாத ஊருக்கே நாங்கள்தான் சொந்தம். பெரிய வண்டி 14, சின்னப் பசங்களுக்கு அரை வண்டி நாலு, முக்கால் வண்டி இரண்டு. எனக்கு விவரம் தெரிந்தபோது அரை வண்டிக்கு மணிக்கு 50 காசு. எல்லா வண்டிக்கும் மட்கார்டில் நம்பர், சீட்டுக்கடியில் அப்பா போட்ட ரகசியப் புள்ளி. எடுத்த நேரத்தை நோட்டில் எழுதுவோம். பசங்கள் யாரிடமும் கடிகாரம் கிடையாது. ஆனாலும் ஒரு மணி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, தெருமுனையிலிருந்து மூச்சிரைக்க வந்து நிற்பான். மில் சங்கு, ரயில் சத்தம், பள்ளிவாசல் பாங்கு, எதையாவது வைத்துக் கணக்குப் போட்டுவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை அரை வண்டிக்கு அடிதடி. ஒருவன் 50 காசு கட்டி எடுப்பான், நாலு பேர் கூட ஓடுவார்கள். மூலைக்கு மூலை ஆள் மாறுவார்கள். ஒருவனுக்கு 10 காசுக் கணக்கில் 12 நிமிடம். அரை வண்டி கிடைக்காதவன் பெரிய வண்டியை எடுத்துக் குரங்கு பெடல் போடுவான். பார் கம்பிக்குக் கீழே வலது காலை நுழைத்து, இடது கையால் கைப்பிடி, வலது கையால் சீட்டையோ பாரையோ அணைத்துக்கொண்டு, உடம்பு ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். வண்டி இருபது கிலோவுக்கு மேல், பையனும் ஏறக்குறைய அதே எடைதான். பெடலை முழுச்சுற்று சுற்ற மாட்டான். பாதி கீழே அமுக்கி, பாதி மேலே கொண்டுவந்து, டக் டக் என்று அரைப்பெடலிலேயே பவர்ஹவுஸ் வரை போய் வருவான்.

பள்ளி விட்டதும் எனக்குக் கடையில் வேலை குண்டு எண்ணுவது. ஓவர்ஹாலிங் பிரித்தால் முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 குண்டு, பின் ஹப்பில் பக்கத்துக்கு 9. முன்னால் சின்னது, பின்னால் கால் இஞ்சு. கிரீஸில் ஒட்டவைத்து வரிசை பிடிக்க வேண்டும். எனக்குக் கூட்டல் வந்தது அதில்தான். ஒன்று குறைந்தால் அப்பா கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கோனில் விரலை வைத்தே சொல்லிவிடுவார்.

வருத்தம் என்னவென்றால், கடைக்காரன் மகனான எனக்குக் கடைசிவரை சொந்த சைக்கிள் இல்லை. வாடகைக்குப் போகாத வண்டிதான் என் வண்டி. அது எப்போதும் பிரேக் பிடிக்காத வண்டியாகவே இருக்கும்.

#10 கணக்குப்புலி

எல்லோரும் குரங்கு பெடலைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள். எனக்கு முன்பல் பாதி போனது அதில்தான். பெரிய சைக்கிளைத் தவிர வேறு வழியில்லை, அதனால் ஓட்டினோம். அதை ஏதோ வித்தை மாதிரிப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. என் பையனுக்குச் சப்போர்ட் வீல் போட்ட 16 இஞ்சு வாங்கிக் கொடுத்தேன், ஹெல்மெட், முட்டிக்கவசம் எல்லாம் உண்டு. பல் முழுசாக இருக்கிறது.

#11 சைக்கிள்கடை வாரிசு

கவசம் நல்லதுங்க, அதில் மறுபேச்சு இல்லை. சப்போர்ட் வீலில்தான் எனக்குச் சண்டை. இரண்டு சக்கரம் நிற்பதன் சூட்சுமம், விழுகிற பக்கமே கைப்பிடியைத் திருப்புவதுதான். திருப்பினால் சக்கரம் நமக்கு அடியில் வந்துவிடும். சப்போர்ட் வீல் வண்டி சாயவே விடாது. சாயாத வண்டியில் பிள்ளை எதைப் பழகும்? கழற்றின அன்றைக்கு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குப் பதில் இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, சீட்டை இறக்கி, காலால் உந்தச் சொல்லுங்கள். 1817இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் முதன்முதலில் ஓட்டிக் காட்டிய இரண்டு சக்கர வண்டியே பெடல் இல்லாததுதான்.

#12 கணக்குப்புலி

பெடலைக் கழற்றும் யோசனை நன்றாகவே இருக்கிறது, முயன்று பார்க்கிறேன். ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். சக்கரம் பம்பரம் போலச் சுற்றுவதால்தான் சைக்கிள் விழாமல் நிற்கிறது என்று எங்களுக்குப் பள்ளியில் சொன்னார்கள். 2011இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து, அந்தப் பம்பர விசையை எதிர்ச்சக்கரம் வைத்து ரத்து செய்த ஒரு சைக்கிளைச் செய்து உருட்டிவிட்டார்கள். அப்போதும் அது தானாகவே நின்று ஓடியது. எடை எங்கே இருக்கிறது, சாய்ந்தால் கைப்பிடி எப்படித் திரும்புகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் நிறுத்துகிறதாம். கடைக்காரர் சொன்னதற்குப் பக்கத்தில்தான் வருகிறது.

பல் விஷயத்தில் மட்டும் நான் இறங்கிவர மாட்டேன்.

#13 சோமனூர்த் தறி

சைக்கிளெல்லாம் பழகும் முன்பே நான் டிவிஎஸ் 50 ஓட்டியவன். 1980இல் ஓசூரிலிருந்து வந்த வண்டி, இரண்டு பேர் உட்காரலாம் என்று வந்த முதல் மொபெட். இரண்டு பேரா? எங்கள் அப்பா அதில் தறித்துணி மூட்டை மூன்று, முன்னால் நான், மடியில் தம்பி என்று கருமத்தம்பட்டி போவார். பெடலை மிதித்து ஸ்டார்ட் செய்வது என் வேலை. 12 வயதில் தனியாகவே எடுத்துக்கொண்டு போய்ப் பாவு நூல் வாங்கி வருவேன். இந்தக் காலத்துப் பசங்களுக்கு அந்தத் தைரியம் இல்லை.

#14 கோபிக்காரி

அண்ணா, தைரியம் எல்லாம் சரி. 50 சிசி கியர் இல்லாத வண்டிக்கே 16 வயது வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு பிள்ளை பிடிபட்டால் பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பையன் அப்படிப் போய்க் காலில் கம்பி வைத்திருக்கிறது. மலரும் நினைவு என்று எழுதி இப்போதுள்ளதுகளுக்கு ஆசை காட்டாதீங்க.

#15 சோமனூர்த் தறி

ஒப்புக்கொள்கிறேன் அம்மிணி. என் மகனுக்கு நானும் சாவி கொடுப்பதில்லை.

#16 காயில்கட்டி

முதல் வண்டி என்றால் எங்கள் ஊர்க்காரர் ஜி.டி. நாயுடுவை விட முடியுமா? கலங்கல் கிராமத்தில் சின்ன வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு, கோவையில் ஓட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்து, காசு சேர்த்து அதே வண்டியை வாங்கினார். வாங்கி ஊர் சுற்றவில்லை. அக்கக்காகப் பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டபோது, ஓட்டியதும் அவர்தான். என் அப்பாவுக்கு இந்தக் கதை என்றால் உயிர். நான் வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்ட அன்று மட்டும் அவருக்கு இது ஞாபகம் வரவில்லை.

#17 பஸ்பாடி மகன்

கரூரிலிருந்து ஒருத்தன். எங்கள் ஊரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா அப்படி ஒரு பட்டறையில் தகடு வேலை. மிஞ்சிய அலுமினியத் தகடு, பிளைவுட், ரிவெட் வைத்து எனக்கு ஒரு பஸ் செய்து தந்தார். உள்ளே இரண்டு பொடுசு உட்காரலாம். பின்னால் ஏணி, மேலே லக்கேஜ் கேரியர், நிஜ பஸ்ஸுக்கு அடித்த பெயிண்டிலேயே கோடு. பட்டறை ஆர்ட்டிஸ்ட் முன்னால் 'ஈரோடு, வழி கொடுமுடி' என்று போர்டு எழுதிக் கொடுத்தார். அக்காதான் கண்டக்டர். வேப்பிலைதான் டிக்கெட். ஏறியவன் இறங்கித் தள்ள வேண்டும், அதற்கும் டிக்கெட் உண்டு.

ஒரே குறை, ஸ்டியரிங் சுற்றும், சக்கரம் திரும்பாது. டிராலிச் சக்கரத்தை நேராகப் பற்றவைத்துவிட்டார். தெருமுனை வந்தால் பயணிகள் எல்லோரும் இறங்கி, பஸ்ஸைத் தூக்கித் திருப்பி வைத்துவிட்டு மறுபடியும் ஏறுவோம்.

இப்போது தம்பி மகனுக்குப் பேட்டரிக் கார் வாங்கியிருக்கிறார்கள். பிள்ளை உள்ளே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, தம்பி ரிமோட்டில் ஓட்டுகிறான். யாருக்கு வாங்கினான் என்று தெரியவில்லை.

#18 இட்டேரிக்காரன்

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. காயில்கட்டி அண்ணன் சொன்னபடியே ஆரம்பித்தேன். மகளை அப்புச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பர் போட்டேன்.

பச்சை போனால் இரும்பு வரும் என்று நினைத்தேன். நீலம் வந்தது. நீலத்துக்கு அடியில் சந்தன நிறம். அதற்கும் அடியில் நல்ல அரளிப்பூச் சிவப்பு. ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் நாலு நிறமும் தெரிகிறது, வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினாற்போல வளையம் வளையமாக. தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் போன் போட ஆரம்பித்தேன்.

பச்சை என் காலம். கேட்டுக்கு அடித்து மிஞ்சியதை அப்பா அடித்தார், அது எனக்கே ஞாபகம் இருக்கிறது. நீலம் சித்தப்பாவுடையது. திருச்செங்கோட்டில் லாரிப் பட்டறையில் இருந்த மாமா ஒருவர் அடித்துக் கொடுத்ததாம். "அது என் வண்டிடா, உனக்கு இரவல்தான் குடுத்தேன்" என்று சித்தப்பா சொல்கிறார். முப்பத்தைந்து வருசம் கழித்துத் திருப்பிக் கேட்பார் போலிருக்கிறது. சந்தன நிறம் அப்பாவுடையது. "புதுசா எனக்குத்தான் வாங்குனாங்க, வரும்போதே சந்தனக் கலர்" என்று அடித்துச் சொல்கிறார். அப்படியானால் அடியில் இருக்கும் சிவப்பு யாருடையது? கம்பெனி பிரைமராக இருக்கும் என்கிறார். பிரைமர் இவ்வளவு பளபளப்பாக இருக்குமா?

#19 காயில்கட்டி

இருக்காது. பிரைமர் மங்கலாக, செங்கல் நிறத்தில் இருக்கும். நீங்கள் சொல்வது மேல்பூச்சு. அப்பாவுக்கு முன்னால் ஒருத்தர் இருக்கிறார்.

#20 நொய்யல்கரை

சீக்கிரம் கண்டுபிடிங்க, எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

#21 இட்டேரிக்காரன்

கண்டுபிடித்தாயிற்று. நேற்று தாராபுரத்திலிருந்து பெரிய அத்தை வந்திருந்தார்கள். அப்பாவுக்கு மூத்தவர், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஓடு மாற்றுவதைப் பார்க்கத்தான் வந்தார்கள். திண்ணையில் தலைகீழாகக் கிடந்த வண்டியைப் பார்த்ததும், முட்டிவலியை மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சிவப்பு தெரியும் இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்கள்.

அப்பாரு ஒரு வருசம் பருத்தி நன்றாக விளைந்து, விற்ற பணத்தில் கோயமுத்தூர் போய் வாங்கி வந்ததாம். அப்போது வீட்டில் அத்தை ஒருவர்தான் பிள்ளை. அடுத்த வருசம் அப்பா பிறந்தார். அவர் உட்காரப் பழகியதும் சிவப்பு போய்ச் சந்தனம் வந்துவிட்டது. அத்தைக்குப் பின்பலகை.

"நான் ஓட்டுனது ரெண்டு வருசங்கூட இல்ல கண்ணு. தள்ளுனது ஆறு வருசம். உங்கப்பன் காலைத் தூக்கிக்கிட்டு உக்காந்திருப்பான், பெடலே மிதிக்கமாட்டான்."

அப்பா பக்கத்தில்தான் இருந்தார். ஓட்டு அடுக்கை எண்ணுவது போல அந்தப் பக்கம் போய்விட்டார்.

பெயிண்ட் சிவப்பாகவே அடிக்கப் போகிறேன். அந்தக் காசளவு இடத்தை மட்டும் தேய்க்காமல் விட்டு, மேலே தெளிந்த வார்னிஷ் நாலு கோட்டு கொடுக்கலாமென்று யோசனை. பின்பலகை என்பதால் மகள் கை அடிக்கடி படாது. சரிதானே, காயில்கட்டி அண்ணா?

கிளம்பும்போது அத்தை ஒன்று கேட்டார்கள். கைப்பிடியில் வலது பக்கம் ஒரு பெல் இருந்ததாம். கட்டைவிரலால் தள்ளினால் கிர்ர் என்று சுற்றி அடிக்கும் பெல். "அது எங்கடா?" என்று கேட்டுவிட்டு அவர்களே அட்டாலி பக்கம் அண்ணாந்து பார்த்தார்கள். ஏணி வைத்து மூலை முடுக்கெல்லாம் துழாவினேன். கிடைக்கவில்லை.

#22 காயில்கட்டி

வார்னிஷ் போதும், விளிம்பு உரியாமல் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். பெல்லுக்கு உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் ஒரு நடை பார்க்கிறேன்.

#23 சைக்கிள்கடை வாரிசு

உக்கடமெல்லாம் வேண்டாமுங்க. அப்பா கடையை மூடும்போது கழற்றி வைத்த பெல் ஒரு சாக்கு நிறைய எங்கள் பரணில் இருக்கிறது. அரை வண்டிக்குப் போட்ட சின்ன பெல்லும் அதில் இரண்டு மூன்று இருக்கும். கைப்பிடிக் குழாயின் சுற்றளவை ஒரு நூலால் அளந்து சொல்லுங்கள். ஒன்றுக்கு ஸ்பிரிங் மட்டும் மாற்ற வேண்டும், அதை இன்றைக்கே பார்த்துவிடுகிறேன்.